குடத்துக்கு ஒரு தலை

பொற்கதிர் நகருக்குக் காலையில் வரும் முதல் பஸ்ஸுக்குத் தலைப்பஸ் என்று பெயர். பஸ்ஸின் நெற்றியில் 'கோரல் ஹைட்ஸ் குடியிருப்போர் நலச்சங்கம்' என்று நாகரிகமாகத்தான் எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் தலைப்பஸ் என்றுதான் சொன்னார்கள். அதில் ஏறிப் போகிறவர்கள் அங்கே ஒரு வேலையும் செய்ய வேண்டாம். கடற்கரையோரம் ஓங்கி நிற்கிற அந்த அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் பாய் விரித்து உட்கார வேண்டும். மூச்சு விட வேண்டும். சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

உள்ளே போதுமான உயிர்கள் இருந்தால் அந்தக் கட்டடத்தின்மேல் குண்டு போடக்கூடாது. அதுதான் இந்தப் போரின் சட்டம். கோரல் ஹைட்ஸ் வீட்டுக்காரர்கள் சண்டை தொடங்கிய வாரமே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மலையேறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சோபாவையும் ஃபிரிட்ஜையும் காப்பாற்ற, பொற்கதிர் நகர்க்காரர்கள் தினமும் கூலிக்குப் போய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா காந்தாக்கா, இன்னிக்கு வர்லியா?" பஸ் படியில் நின்ற ஏஜென்ட் குமரேசன் கத்தினான்.

"எப்டிடா வர்றது? ஷாலினிய நேத்துதான் ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாந்தேன். தையலு காயல. பச்சக் கொயந்த."

"கொயந்தையத் தூக்கினு வா. அதுக்கும் ஒரு தலைதானே கணக்கு?"

"அழுவுற கொயந்த வாணாம்னுட்டான் அந்த செக்ரெட்டரி. மேல இருக்கறவங்களுக்குத் தூக்கம் கெடுதாம். மேல யார்ரா இருக்கா? ரெண்டு நாயும் ஒரு வாச்மேனும்!"

பஸ்ஸே சிரித்தது. காந்தாவுக்கு வாய் அப்படி. கூவம் ஓரத்திலிருந்து குடிசைகளைப் பிய்த்து ஊருக்கு வெளியே இந்த எட்டு மாடி பிளாக்குகளில் கொண்டுவந்து கொட்டியபோது, அதிகாரியின் ஜீப்பை மறித்து லிஃப்ட் ஓடுமா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். ஓடும் என்றார் அதிகாரி. இரண்டு மாதம் ஓடியது. அவர்கள் வீடு ஏழாவது மாடி.

அல்லி மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தாவின் மூத்த மகள், ஷாலினியின் அக்கா. அந்த பிளாக்கின் முதல் பட்டதாரி, அதுவும் கம்ப்யூட்டரில். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. பஸ் போன பிறகு முற்றம் காலியாகிவிடும். ஆம்பளைகள் வேலைக்கு. தெம்புள்ள பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தலைப்பஸ்ஸில். மிஞ்சுவது யார்? இருமுகிறவர்கள், படுக்கையில் கிடக்கிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறவர்கள். கோரல் ஹைட்ஸுக்குள் விடாத தலைகள்.

"இன்னாடி மொறைக்கிற? ஆபீஸுக்குப் போ," என்றாள் காந்தா.

"நீயும் ஷாலினியும் எங்காபீஸ் டெய்சியோட ஹாஸ்டலுக்கு வந்துருங்கம்மா. கொஞ்ச நாளைக்கு."

"தையலு போட்ட பொண்ண ஏழு மாடி எறக்கினு போயி, ஹாஸ்டல்ல யாரு கால்ல தலவெச்சுப் படுக்கறது? போடி. அவ்ளோ பேரு இருக்கச் சொல்ல எங்கமேலயா வந்து வியும்?"

*

அவ்வளவு பேர் இல்லை என்பது அல்லிக்குத் தெரியும். எண்ணுவதுதான் அவள் வேலை.

நகரத்தின் நடுவில் இருந்த தலைக்கணக்கு மையத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் திரையைப் பார்த்துப் புள்ளி வைத்தார்கள். வானத்திலிருந்து வரும் படத்தில் ஆள் தெரிந்தால் ஆள் என்று புள்ளி, மாடு தெரிந்தால் மாடு என்று புள்ளி, கொடியில் காயும் துணிக்கு ஒரு புள்ளி. அதைப் பார்த்துப் பார்த்து 'எண்ணி' கற்றுக்கொள்ளும். எண்ணி என்பது இயந்திரம். கட்டடம் கட்டடமாக உயிர்களைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு எதிரிக்கும் போகும். எதிரியின் ஊர்க் கணக்கு இங்கே வரும். இரண்டு பக்கமும் அதைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த வாரம் மேலாளர் ஸ்ரீவத்ஸன் வகுப்பெடுத்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். கெட்டவர் இல்லை. அல்லிக்கு அதுதான் எரிச்சல்.

"விமானத்திலேர்ந்து முதல் குண்டு எப்ப விழுந்தது தெரியுமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு, லிபியாவில. ஒரு இத்தாலிக்காரர் பறந்துகிட்டே கையால எடுத்துப் போட்டார். அங்கேர்ந்து டோக்கியோ வர்றதுக்கு முப்பத்தி நாலு வருஷம்தான். மரவீடுன்னு தெரிஞ்சே நெருப்புக் குண்டு போட்டாங்க. ஒரே ராத்திரியில ஒரு லட்சம் பேர் மாதிரி. நடுவுல லண்டன், ஹாம்பர்க், டிரெஸ்டன். கடைசியில ஹிரோஷிமா, நாகசாகி. ஊரை அடிச்சா ஜனங்க அரசாங்கத்தோட சட்டையைப் பிடிப்பாங்க, சண்டை சீக்கிரம் முடியும்னு பெரிய பெரிய ஆளெல்லாம் எழுதி வச்சாங்க. ஜனங்க சட்டையைப் பிடிக்கலை. பதுங்குகுழியில உக்காந்து பல்லைக் கடிச்சாங்க. ஆனாலும் ஊரை அடிக்காம யாராலயும் இருக்க முடியலை. அதனாலதான் இந்த ஒப்பந்தம். அடி, ஆனா எண்ணிட்டு அடி. குண்டு சேதம் பண்ற வட்டத்துக்குள்ள பன்னிரண்டு உயிர் இருந்தா தொடக்கூடாது."

"பதினொண்ணு இருந்தா?" அல்லி கேட்டாள்.

"அவங்க தளபதி கையெழுத்துப் போட்டா அடிக்கலாம். ஆளே இல்லைன்னா கையெழுத்துகூட வேண்டாம். அந்தப் பக்கம் நம்மள மாதிரி எண்ணுறவங்க ஒருத்தர் படத்தைப் பாத்து சரின்னு அழுத்தினா போதும். அவங்க ஊரை நாம அடிக்கறப்பவும் இதேதான்."

"அந்தப் பன்னிரண்டு எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"ஏதோ ஏரிக்கரை ஊர்ல உக்காந்து மாசக்கணக்காப் பேசினாங்க. ஒருத்தர் முப்பதுன்னார், ஒருத்தர் அஞ்சுன்னார்."

"கத்திரிக்கா பேரம்."

"பேரம்தாம்மா. பேரம் பேசி வந்த பன்னிரண்டு, பேரமே பேசாத ஒரு லட்சத்தைவிடத் தேவலை இல்லையா?"

"எண்ணாம கொன்னவனக் கொலைகாரன்னு சொல்றோம். எண்ணிட்டுக் கொன்னா கணக்குப்பிள்ளைன்னு சொல்லணுமா சார்?"

வகுப்பு சிரித்தது. ஸ்ரீவத்ஸன் சிரிக்கவில்லை. "வேற வழி இருந்தா சொல்லு அல்லி. எழுதி அனுப்பறேன்," என்றார்.  ஒரு லட்சத்தையும் பன்னிரண்டையும் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பன்னிரண்டுக்குக் கீழே யார் வந்து நிற்பார்கள் என்று அந்த ஏரிக்கரையில் ஒருத்தரும் யோசித்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. காசிருக்கிற கட்டடமெல்லாம் தலையை வாடகைக்குப் பிடித்து நிரம்பி வழிந்தது. தலைகளைக் கொடுத்த இடமெல்லாம் வரம்பை நோக்கி இறங்கியது.

அன்று காலையில் அம்மாவிடம் பேசிவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்ததும் அவள் தன் பிளாக்கைத் திறந்து பார்த்தாள். பதினாலு. அம்மா, ஷாலினி, குழந்தை எல்லாரையும் சேர்த்து.

பதினாலு என்றால் இன்னும் மூன்று பேர் தலைப்பஸ்ஸில் ஏறினால் முடிந்தது கதை. இரண்டாம் மாடி அம்சவேணியின் மருமகள் அடுத்த வாரத்திலிருந்து போகப்போவதாகச் சொல்லியிருந்தாள். கூடவே மாமியாரையும் இழுத்துக்கொண்டு போவாள்.

"நம்ம வீட்டயெல்லாம் எதுக்குடி அடிக்கப்போறான்? அங்க இன்னா இருக்கு?" என்று ஒருமுறை காந்தா கேட்டிருந்தாள்.  அடிக்கிறவனுக்கு ஊர் அடிவாங்கியது என்று செய்தியில் வந்தால் போதும். வரம்புக்குக் கீழே எது கிடைக்கிறதோ அதை அடிப்பான். கிடைப்பது இவர்கள் வீடுதான்.

*

பொற்கதிர் நகருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. லாரி வரும். எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. அதனால் விடிந்ததும் பெண்கள் முற்றத்தில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் வளைந்து வளைந்து நிற்கும். அவரவர் குடத்தின் கழுத்தில் கிழிந்த புடவைத் துணியைக் கட்டி அடையாளம் வைத்திருப்பார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒருத்தி குடத்தை இன்னொருத்தி முன்பின் நகர்த்தினால் அன்றைக்கு மயிர்பிடிச் சண்டை நிச்சயம்.

எண்ணிக்கு இது புரியவில்லை. வானத்திலிருந்து பார்க்கிறபோது துணி சுற்றிய வட்டம் ஒரு பெண்ணின் தலை மாதிரியே இருந்தது, ஆனால் அசையவில்லை. சந்தேகப்படுகிற இடத்தில் மஞ்சள் கட்டம் போட்டு அல்லியிடம் கேட்டது: இது ஆளா, பொருளா?

இதுவரை பொருள் என்றுதான் வைத்திருந்தாள். அன்றைக்கு ஆள் என்று வைத்தாள். அடுத்த குடத்துக்கும். அதற்கடுத்ததற்கும்.

பக்கத்து சீட் டெய்சி தூத்துக்குடிக்காரி. ஒரு கண் எப்போதும் அடுத்தவர் திரையில்தான். "ஏட்டி, அது கொடம்லா?"

"ஆளு."

"கொடத்துக்குக் கண்ணு மூக்கு வச்சு விட்டுட்டியே!"

"வரிசையில கொடம் நின்னா ஆளு நின்னதாத்தானே அர்த்தம்? எங்க பக்கம் அதான் சட்டம்."

டெய்சி திரும்பி மேலாளர் அறையைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. "எங்க பக்கமும் அதாம்ட்டி," என்றாள் தணிந்த குரலில். "போடு. எங்க தெருவுக்கும் நான் போடுதேன்."

மத்தியானத்துக்குள் மஞ்சள் கட்டங்கள் நின்றுபோயின. எண்ணி கற்றுக்கொண்டுவிட்டது. துணி கட்டிய குடம், ஆள். அல்லி திரும்பப் போய்த் தன் பிளாக்கைப் பார்த்தாள். பிளாக்கையும் முற்றத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டிருந்தது. குண்டு விழுந்தால் அந்த வட்டம் மொத்தமும் போகும். வட்டத்துக்குள் எழுபத்தெட்டு உயிர் என்று பச்சையாகக் காட்டியது. அவள் மூச்சை விட்டாள். படித்த படிப்பு வாழ்க்கையில் முதல்முறையாக ஏதோ ஒன்றுக்கு உதவியிருக்கிறது என்று தோன்றியது.

சாயங்காலம் ஷாலினி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ராணுவ லாரி ஓட்ட எல்லைக்குப் போயிருந்தான். குழந்தைக்குப் பெயர் வைக்க அவன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அல்லி குழந்தையின் உள்ளங்காலை ஒரு விரலால் தடவினாள்.

"அம்மா, நீ எங்கியும் போவ வாணாம். நம்ம பிளாக்குக்கு ஒண்ணும் ஆவாது."

"இன்னாடி பண்ண?"

"முற்றத்துல நிக்கிற குடத்தையெல்லாம் பொம்பளையாக்கிட்டேன்."

காந்தாவுக்குப் புரிய வைக்க அரைமணி ஆயிற்று. புரிந்ததும் மார்பில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "பொம்பளைய ஊரு தண்ணிக் கொடமா வெச்சிருக்கு. எம்பொண்ணு கொடத்தப் பொம்பளையாக்கிட்டா. ஏ ஷாலு, பாத்தியாடி ஒங்கக்காள!"

"யார் கிட்டியும் சொல்லாத, வேல போயிடும்," என்றாள் அல்லி.

காந்தா சொல்லவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. மறுநாள் காலையில் மாடி மாடியாக நின்று, "ஒரு கொடம் வெக்கிறவ மூணு கொடமா வைங்கடி! லாரிக்காரன் இன்னிக்கு நெறைய ஊத்துறானாம்!" என்று கூவிவிட்டு வந்தாள். தலைப்பஸ் ஏறுகிறவர்களும் ஏறுமுன் குடத்தை வைத்துவிட்டு ஏறினார்கள். முற்றம் நிரம்பிவிட்டது.

*

புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்ரீவத்ஸன் அறையிலிருந்து வெளியே வந்து கையைத் தட்டினார். "எல்லாரும் ஒரு நிமிஷம். நல்ல செய்தி. நாம எவ்ளோ நாளா கேட்டுட்டிருந்தது. ரெண்டு பக்கமும் இனிமே சின்ன குண்டுதான் போடணும்னு ஒத்துக்கிட்டாங்க. ஒரு கட்டடத்துக்குள்ளயே முடிஞ்சிடும். பக்கத்து வீட்டுக் கண்ணாடிகூட உடையாது. வாசல்ல ஒரு குழந்தை விளையாடிட்டிருந்தா அதுக்கு ஒரு கீறல் விழாது."

யாரோ கைதட்டினார்கள். அல்லி எழுந்தாள். "வட்டம் சுருங்கிடுமா சார்?"

"சுருங்கிடுச்சு. இன்னிக்குக் காலையிலேர்ந்து. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி வட்டம்."

அவள் உட்கார்ந்து தன் பிளாக்கைத் திறந்தாள். முற்றத்தில் நூற்றுச் சொச்சம் உயிர். பிளாக்குக்குள், பூஜ்ஜியம்.

"சார்! உள்ள ஆள் இருக்காங்க. எண்ணி பூஜ்ஜியம்னு காட்டுது."

ஸ்ரீவத்ஸன் குனிந்து பார்த்தார். "சரியாத்தானே இருக்கு? எண்ணி சுவருக்குள்ள பாக்காதும்மா. பஸ்ஸுக்கும் வேலைக்கும் போனவங்க போக அந்த பிளாக்குல மிச்சம் இவ்ளோ பேர்னு அதுக்குத் தெரியும். அதைவிட அதிகமாவே வெளிய நிக்கிறாங்க. அப்ப உள்ள யாரு?"

"வெளிய நிக்கிறது குடம் சார்."

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் திரையில் அந்த வரிசையை விரலால் தொட்டார். "யார் ஆள்னு வச்சது?"

அல்லி ஒரு கையால் புள்ளிகளை அழிக்க ஆரம்பித்தாள். ஒன்றை அழித்தால் எண்ணி பழகின பழக்கத்தில் உடனே திரும்ப வைத்தது. மறு கையால் போனைக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஸ்ரீவத்ஸன் தன் அறைக்கு ஓடினார்.

"இருடி, கொயந்தைக்கு ஊத்தினு இருக்கேன். காலு மேல போட்டிருக்கேன்," என்றாள் காந்தா. பின்னால் தண்ணீர்ச் சத்தமும் குழந்தையின் வீறலும் கேட்டது.

"அம்மா, கீழ போ. அவளயும் இட்டுனு முற்றத்துக்குப் போ. இப்பவே!"

"லாரி வந்துட்சா?"

"லாரி இல்லம்மா. குண்டு!"

"நீதான் ஒண்ணும் ஆவாதுன்ன?"

"நான் தப்பு பண்ணிட்டேம்மா. எறங்கு. கெஞ்சிக் கேக்கறேன், எறங்கு."

"ஷாலு! ஷாலு, எய்ந்திருடி. அக்கா எறங்கச் சொல்றா." குரல் தள்ளிப் போய்த் திரும்ப வந்தது. "மெதுவாத்தான் வருவா அவ. ஏழு மாடிடி. கொயந்த கண்ணுல சீக்காத்தூளு, ஒரு சொம்பு ஊத்திட்டு..."

"அப்படியே தூக்கிட்டு வாம்மா!"

"தொடைக்காம எட்டாந்தா சளி புடிச்சுக்கும், இரு..."

திரையில் படம் அசையாமல் இருந்தது. குடங்கள், வெயில், மொட்டைமாடி. பிறகு மொட்டைமாடியின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. பொட்டு சுற்றிலும் விரிந்தது, பிளாக் தன் காலடியிலேயே உட்கார்ந்தது. படத்தில் சத்தம் வராது. போனிலும் வரவில்லை. போன் அதற்கு முன்பே செத்திருந்தது.

*

அவள் போய்ச் சேர்ந்தபோது தூசி அடங்கியிருந்தது. நல்ல குண்டு. ஸ்ரீவத்ஸன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எதிர் பிளாக்கில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை. முற்றத்தில் ஒரு குடம்கூடச் சாயவில்லை. எல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு வரிசையில் நின்றன. தலைப்பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் அவற்றின் நடுவே நின்று மாரிலடித்துக்கொண்டு அழுதார்கள்.

பெயர் வைக்காத குழந்தையைச் சேர்த்துப் பதினாலு பேர். பதினாலு வரம்புக்கு மேல். அவள் குடத்தில் கை வைக்காமல் இருந்திருந்தால் எண்ணி பதினாலு என்றே காட்டியிருக்கும். சின்ன வட்டமோ பெரிய வட்டமோ, அந்த பிளாக்கைத் தொட்டிருக்க முடியாது. இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடிபாட்டைக் கிளறியவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். கிறுக்குப் பிடித்துவிட்டது பாவம் என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

இரண்டு பக்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் அந்த பிளாக்குக்கு நேரே, உயிரிழப்பு இல்லை என்று இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அவள் நேரே மேலாளர் அறைக்குப் போனாள். ஸ்ரீவத்ஸன் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"விதியை எடுத்துட்டேன் அல்லி. அன்னிக்கே எடுத்துட்டேன். இனிமே குடம் குடம்தான்."

"செத்தவங்க?"

"அதைத் திறந்தா நம்ம பக்கம் பொய்க் கணக்கு கொடுத்தோம்னு ஆயிடும். ஒப்பந்தமே முறிஞ்சிடும். அப்புறம் வரம்பே இல்லாம அடிப்பான். திரும்ப டோக்கியோதான்."

"அப்ப கணக்குப்படி எங்கம்மா இன்னும் லாரிக்கு நின்னுட்டிருக்கா."

அவர் மேஜைமேல் இருந்த அறிக்கையைக் கவிழ்த்து வைத்தார்.

"தலைய வாடகைக்குப் பிடிச்சு வச்சிருக்கானே, அது பொய்க் கணக்கு இல்லையா சார்?"

"அது நெஜமான ஆளும்மா. எண்ணிக்கு அது போதும்."

"அந்தப் பக்கம் ஒருத்தர் படத்தைப் பாத்து சரின்னு அழுத்தணும்னு சொன்னீங்களே. யார் அது?"

"பேர் தெரியாது. நம்மள மாதிரி ஒரு ஆபீஸ். உன்னை மாதிரி ஒரு பொண்ணா இருக்கலாம்."

"எவ்ளோ நேரம் பாத்தா?"

"அல்லி, அது எதுக்கு?"

"சொல்லுங்க சார்."

"நாலு செகண்டு."

அவள் கதவுவரை போய்த் திரும்பினாள். "சார், லண்டனை அடிச்சாங்களே. ஹாம்பர்க்கை அடிச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பெருசா அடிச்சது பின்னாடி. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு."

"அடிச்சவன் அன்னிக்குத் தூங்கியிருப்பான்ல?"

"தெரியலைம்மா," என்றார் ஸ்ரீவத்ஸன்.

*

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று எழுத வேண்டும். அவளும் தானாக வேலையிலிருந்து நிற்கவில்லை. நின்று எங்கே போவாள்? டெய்சியின் ஹாஸ்டல் அறையில் ஒரு பாய் கிடைத்திருந்தது. ஷாலினியின் புருஷன் ஒருமுறை வந்தான். குடங்களைப் பற்றி அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். அவன் குழந்தையின் போட்டோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இல்லை. போய்விட்டான்.

ஸ்ரீவத்ஸன் அவளைச் சரிபார்க்கிற பிரிவுக்கு மாற்றினார். சொந்த ஊரை இனி அவள் பார்க்க வேண்டாம் என்று இரக்கப்பட்டுத்தான் மாற்றினார். அங்கே வருவதெல்லாம் எதிரியின் ஊர்ப் படங்கள். எதிரியின் எண்ணி பூஜ்ஜியம் என்று காட்டுகிற கட்டடங்கள். பார்த்துவிட்டு, சரி அல்லது சரியில்லை. சரி என்றால் நம் விமானம் கிளம்பும். சரியில்லை என்றால் அந்தக் கணக்கைத் திரும்ப எண்ண வேண்டும். டெய்சியும் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து சீட்டுக்கு வந்தாள். "ஒன்ன ஒத்தையில விடமாட்டேம்ட்டி," என்றாள்.

மூன்றாவது வாரம், சாப்பாட்டுக்கு முந்தின நேரத்தில் ஒரு படம் வந்தது. குறுகலான தெரு. தெருவின் ஓரமாக ஏதோ கடை, சாத்தியிருந்தது. கடையிலிருந்து வளைந்து வளைந்து ஒரு வரிசை. வரிசை முழுக்க ஆள் ஆள் ஆள் என்று எதிரியின் எண்ணி புள்ளி வைத்திருந்தது. வரிசைக்குப் பின்னால் ஐந்து மாடிக் கட்டடம். பூஜ்ஜியம்.

அல்லி வரிசையைப் பெரிதாக்கினாள். துணி மூடிய கூடைகள். ரொட்டிக்கோ அரிசிக்கோ, கடை திறக்கும்வரை இடம் பிடித்து வைத்த கூடைகள். ஆள் நின்றால் நிழல் நீளும், காலை மாற்றி நிற்பார்கள், ஒருத்தி இன்னொருத்தி காதில் ஏதாவது சொல்வாள். இவை அப்படியே இருந்தன. அங்கேயும் ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொரு கூடையாக ஆளாக்கியிருக்கிறாள். தெருவைக் காப்பாற்ற. அந்தக் கட்டடத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்களோ.

சரியில்லை என்று ஒரு தட்டு தட்டினால் போதும். கூடை, ஆளில்லை என்று ஒரு வரி. எண்ணி திரும்ப எண்ணும். வெளியே ஆளில்லை என்றால் கணக்கில் எல்லாரும் கட்டடத்துக்குள்ளே வந்துவிடுவார்கள். கட்டடம் பிழைத்துக்கொள்ளும். பொற்கதிர் நகருக்கு யாரும் செய்யாததை அவள் இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யலாம்.

அவள் நாலே செகண்டு பார்த்துவிட்டு அழுத்திவிடவில்லை. படத்தை மாடி மாடியாக நகர்த்தினாள். மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் சாத்தியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திறந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் வெளிறிய ஏதோ ஒன்று அசைந்தது, திரைச்சீலை போல, அல்லது கை போல.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். இத்தனை நாள் அவளைத் தூக்கி நிறுத்தியது கோபம்தான். தேடினாள், இல்லை. இரக்கம் இருக்கிறதா என்றும் தேடினாள். குழந்தையின் கண்ணில் சீக்காய்த்தூள் என்று அம்மா சொன்ன குரல் மட்டும் இருந்தது.

டெய்சி நாற்காலியை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஏட்டி அல்லி, அந்த ஜன்னல் இப்பந்தான தொறந்துச்சு?"

"காத்துக்குத் தொறந்திருக்கும்."

"அந்த வரிசையில நிக்கிது... அது கூடைலாட்டி?"

"ஆளு."

"அல்லி!"

"ஆளுன்னுதான் அவங்களே வச்சிருக்காங்க டெய்சி. படிக்கத் தெரியலையா?"

அறைக் கதவைத் திறந்து ஸ்ரீவத்ஸன் கேட்டார். "அந்த அஞ்சு மாடி என்னாச்சு? பூஜ்ஜியம்தானே?"

"பூஜ்ஜியம் சார்," என்று சொல்லிவிட்டு அல்லி சரியை அழுத்தினாள்.

டெய்சி நாற்காலியைத் தன் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த படம் வந்தது. அல்லி அதையும் மாடி மாடியாக, அவசரப்படாமல், முழுசாகப் பார்த்தாள்.